கீழே ஒரு செயின்

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் காரை நிப்பாட்டுங்க. தாளம் தப்புது."

சொன்னவன் சாவு வீட்டுக்குத் தப்படிக்க வந்தவன். அழகுமுத்துவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அட்டனிலிருந்து இறந்தவரின் சொந்தக்காரர்களை வாடகைக்கு ஏற்றி வந்திருந்தான். நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றான். காரின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று வந்த சத்தத்தில் தப்புக்காரர்கள் அடி தவறிப்போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவி பாதியில் நிறுத்திவிட்டு, என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாதது பிணம் ஒன்றுதான்.

அழகுமுத்து எஞ்சினை நிறுத்தினான். பயந்தபடியே அது மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பாடை தூக்க வந்தவர்கள் முதலில் காரைத் தள்ளி ஸ்டார்ட் ஆக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் பாடையைத் தூக்கினார்கள்.

"நம்ம வேலை என்னன்னே வெளங்கலையே" என்று அவர்களில் ஒருவர் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது.

மஸ்கெலியாவுக்குப் போய் நேரே பெரியதம்பி பாஸின் கராஜில் காரை விட்டான். பாஸ் நல்ல மெக்கானிக். ஆனால் எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் கருமாதிக்கு நாள் குறிக்கிற மாதிரித்தான் பேசுவார். நீட்டு ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நாக்கை உச்சுக் கொட்டினார்.

"டைமிங் செயின் தொங்கிப்போச்சி தம்பி. அதோட பேலன்ஸ் ஷாஃப்ட் செயினும் தேஞ்சிருச்சி."

"ரெண்டு செயினா இருக்கு?"

"இந்த எஞ்சினுக்கு ரெண்டு. மேல உள்ள பெரிய செயின்தான் எல்லாத்தையும் நேரத்துக்கு நேரம் வேலை செய்ய வைக்கிறது. கீழ சின்னதா இன்னொண்ணு ஓடுது. எஞ்சின் குலுங்காம புடிச்சிக்கிட்டு இருக்கிறதே அதுதான். கண்ணுக்குத் தெரியாத எடத்துல கெடக்கிறதால யாரும் அதைப் பத்தி நெனைக்கிறதில்ல."

"மாத்தாம ஓடினா என்ன பாஸ் ஆகும்?"

"ஓடும். ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஏத்தத்துல மேல் செயின் பல்லு தாண்டும். தாண்டினா உள்ள இருக்கிறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டி நொறுங்கிடும். அதுக்குப் பொறகு கோழி அடைக்கலாம். நல்ல கூடு, கதவெல்லாம் இருக்கு."

அழகுமுத்து காரைத் திரும்பிப் பார்த்தான். கார் போனால் கார் மட்டும் போகாது.

அவன் மனைவி ஜீவராணி, பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனவள். அட்டையும் மழையும் முதுகு வலியும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் கடையில் நின்று சேர்த்ததையெல்லாம் போட்டு இந்தப் பழைய ஜப்பான் காரை அழகுமுத்து வாங்கி வந்த அன்று, அவள் கூடையைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். "இனி நீ மலை ஏறத் தேவையில்ல. நான் ஹயர் ஓடி ஒன்னை வச்சிக் காப்பாத்துவேன்" என்று லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கச் சொன்னான். சொன்னதைக் காப்பாற்றுவதுதான் அவனுக்கு அதன் பிறகு உயிர்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில் ஹயர் படுத்துவிட்டது. "நான் கைக்காசுக்காவது கொஞ்சம் கொழுந்து எடுத்துட்டு வரட்டுங்களா? அன்னன்னிக்குக் கையில குடுத்துருவாங்க" என்று ஜீவராணி மெல்லக் கேட்டாள். அழகுமுத்து சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். காரை வைத்திருப்பவன் பொண்டாட்டி கூடை தூக்கினால் அவன் மீசை வைத்துக்கொண்டு திரிவதில் என்ன அர்த்தம்? அத்தோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வருஷம் எஞ்சின் ஒயில் மாற்றவும் வழியில்லாமல் கறுத்த ஒயிலோடே ஓடினான். கார் கடகடக்கத் தொடங்கியதும் அப்போதிருந்துதான்.

இப்போது அது பல்லு தாண்டினால், கூடை அவள் முதுகுக்கு வந்துவிடும். அழகுமுத்துவின் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போல ஜீவராணி வாசலில் மூச்சு வாங்க நின்றாள். கோயில் வளைவிலிருந்து லயத்துக்கு ரோடு சுற்றிச் சுற்றித்தான் வரும். அந்த வளைவில் கார் சத்தம் கேட்டால் போதும், அவன் வந்து சேரும்போது அவள் இப்படி வாசலில் நிற்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புருஷன் வருகிறான் என்று ஓடி வந்து நிற்கிறாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை.

"செயின் ரெண்டையும் மாத்தணுமாம் ராணி. மாத்தினா சத்தமே இருக்காதாம்."

ஜீவராணியின் முகம் கறுத்தது. "எதுக்குங்க? ஓடுதுல்ல?"

"சாவு வீட்டுல மானம் போச்சி."

"சத்தம் இருந்தா என்ன? எனக்கு அந்தச் சத்தம் புடிச்சிருக்கு."

செலவைப் பார்த்து மனசைத் தேற்றுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இவளுக்காகவே மாற்றியாக வேண்டும் என்று தீர்மானித்தான்.

"அப்ப கெட்டி ஒயிலா ஊத்திப் பாருங்க. ஹயர் ஸ்டேண்டுல எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க" என்றாள் அவள்.

ஊற்றினான். மஸ்கெலியாப் பனியில் அந்த ஒயில் விடியற்காலையில் தேன் மாதிரி உறைந்துபோய், மேலே ஏற மாட்டேன் என்றது. அதுவரை கடகடவென்றிருந்தது மறுநாள் காலையில் தகரக் கூரையில் கல் கொட்டினாற்போல் கேட்டது. நாய்கள் ஓடின. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் அழுதன. அழகுமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆனால் லயத்தில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

"இருக்கட்டும்ணே, ஒரு அடையாளந்தானே" என்றாள் பக்கத்து வீட்டு சர்மிளா. கங்காணி ஒரு படி மேலே போய், "சத்தத்த நிப்பாட்டிறாதப்பா. சத்தம் இல்லாத வண்டிக்குக் கண்ணு பட்டுடும்" என்று புத்தி சொன்னார். நான் முன்னேறினால் இவர்களுக்கு எரிகிறது என்று அழகுமுத்து முடிவு கட்டினான். ஒரு பழைய காரில் சத்தம் நிற்பதைக்கூடப் பொறுக்காத சனம்.

செயின் மாற்றியே தீருவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றபோது, ஜீவராணியே ஒரு வழி சொன்னாள்.

"பெரியதம்பி பாஸ்கிட்ட எதுக்குப் போறீங்க? எங்க பிரதீபன் செஞ்சி தருவான்."

பிரதீபன் அவள் தம்பி. டயகமவில் இருக்கிறான். அவன் கை வைத்த எந்தச் சாமானும் அதற்குப் பிறகு வேலை செய்ததாகச் சரித்திரமில்லை. அக்கா வீட்டு ரேடியோவைத் திருத்தினான். அது இன்றைக்கும் அலுமாரிக்கு மேலே ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட தம்பியை அவளே சிபாரிசு செய்கிறாளே என்று அழகுமுத்துவுக்கு ஆச்சரியந்தான். பிறந்த வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டான்.

பிரதீபன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "யூடியூப்ல எல்லாம் இருக்கு மச்சான். ஒரு வெள்ளைக்காரன் பாட்டுப் பாடிக்கிட்டே மாத்துறான்."

எஞ்சினின் முன்மூடியைக் கழற்றினான். மேல் செயினை மாற்றினான். கீழ்ச் செயினைத் தொடவில்லை.

"அதையும் மாத்தணும்னு பாஸ் சொன்னாரே?"

"அது சும்மா கெடக்கிறது மச்சான். பாஸ்மாருக்கு ஒண்ணு சொன்னா ரெண்டு சொல்லித்தான் பழக்கம்."

கார் ஓடியது. மேலே சத்தம் நின்றதும், கீழே இருந்த சத்தம் தனியாக, தெளிவாகக் கேட்டது. கடகட போய்க் கரகர வந்தது. ஜீவராணியின் முகத்தில் அன்று ஒரு தெளிச்சி. "பரவாயில்லையே, நல்லாத்தானே கேக்குது!" என்றாள். தம்பிக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

அழகுமுத்து விடவில்லை. கீழ்ச் செயினையும் வாங்கிவந்து கொடுத்தான். பிரதீபன் திரும்பவும் எஞ்சினைத் திறந்தான். செயினைப் போடும்போது சக்கரத்திலுள்ள புள்ளியும் செயினிலுள்ள புள்ளியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அந்த இடம் வரும்போது மழை மேகம் இறங்கி, போனில் சிக்னல் போய்விட்டது. பிரதீபன் கொஞ்ச நேரம் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் மனசுக்குப் பட்ட இடத்தில் செயினை மாட்டி, மூடியைப் போட்டு முடுக்கிவிட்டான்.

சத்தம் குறைந்தது. நடுக்கம் வந்தது. எஞ்சினைக் குலுங்காமல் பிடிக்க வேண்டிய சாமான் இப்போது மும்முரமாகக் குலுக்கிக்கொண்டிருந்தது. முதல் ஹயரிலேயே டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் நடந்துபோய் விளிம்பிலிருந்து குதித்தார். அடுத்த ஹயரில் ஒரு தகப்பன், பிள்ளையின் பிறந்தநாளுக்கு மடியில் கேக் பெட்டியோடு ஏறினான். மஸ்கெலியாவில் ஏறும்போது கேக்காக இருந்தது தோட்டத்தில் இறங்கும்போது தூளாக இருந்தது. அவன் ஒன்றும் ஏசவில்லை. பெட்டிக்குள்ளே பார்த்தான், அழகுமுத்துவைப் பார்த்தான், மழையில் நடந்து போனான். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன் பிறகு ஸ்டேண்டில் அவன் காரில் யாரும் ஏறவில்லை. மற்ற டிரைவர்மார், "அழகுமுத்து அண்ணன் காருல ஏறினா தயிர் கடைய வேணாம்" என்று பகிடி பண்ணினார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

கடைசியில் தேயிலை ஸ்டோருக்குப் போகிற ரோட்டு ஏற்றத்தில், நடுங்கி நடுங்கி, எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. கொழுந்து லொறிதான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. தோட்டமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. முன்னே பச்சைக் கொழுந்து மூட்டைகள், பின்னே அழகுமுத்து. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். செத்தவனைத் தேரில் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

அன்று அவன் சாப்பிடவில்லை. அடுப்படியில் ஜீவராணிக்கு முன்னால் குந்தி, நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"முடிஞ்சிருச்சி ராணி. ஒன்னை மலைக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். என்னால முடியல."

"போனாத்தான் என்னங்க? ஊரே போகுது."

"நீ போகக் கூடாது." அவன் விறகை உள்ளே தள்ளினான். "மழையில நனைஞ்சி, அட்டைக் கடி வாங்கி, சாயந்தரம் முதுகப் புடிச்சிக்கிட்டு வருவியே, அத நான் பாத்திருக்கேன். இன்னொரு தரம் பாக்கிறதுக்கு என்னால ஏலாது. அதுக்குப் பதிலா நான் எங்கயாச்சும் போய் விழுந்துருவேன்."

ஜீவராணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அடுப்பை ஊதினாள். பிறகு எழுந்து போய், அரிசி வாளிக்குள் கையை விட்டு, துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள்.

"பாஸ்கிட்டயே குடுங்க. ரெண்டு செயினையும் ஒழுங்காப் போடச் சொல்லுங்க."

"ஏது ராணி இது?"

"பின்னால போட்டிருக்கிற மரக்கறி வித்தது."

அழகுமுத்து பொட்டலத்தின் கனத்தைக் கையில் பார்த்தான். லயத்துக்குப் பின்னால் அந்தத் துண்டுக் காணியில் நாலு வரிசை லீக்ஸும் கொஞ்சம் கோவாவும்தான் நின்றன. மண்ணுக்கு என்ன ராசி, இவள் கைக்கு என்ன ராசி என்று வியந்தான். வாய் நிறைய ஏதாவது சொல்ல ஆசைதான். ஆனால், "தேத்தண்ணி ஊத்து" என்றான்.

பெரியதம்பி பாஸ் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல கை வச்சது யாரு?"

"மச்சான்."

"ஒன் மேல கோவமா அவனுக்கு?"

நல்ல காலம், உள்ளே ஒன்றும் நொறுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கோழிக்கூடுதான் என்று பாஸ் ஞாபகப்படுத்தினார். மேல் செயின், கீழ்ச் செயின், அவை வழுகி ஓடுகிற தடங்கள், இழுத்துப் பிடிக்கிற டென்சனர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு புள்ளியையும் டோர்ச் அடித்துப் பார்த்து நேருக்கு நேர் நிறுத்தினார். மூடுவதற்கு முன் கையாலேயே எஞ்சினைச் சுற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை புள்ளிகளைப் பார்த்தார். நாளைக்கு வா என்று சொன்னவர், மத்தியானத்துக்கு முன்னமே சாவியைக் கையில் கொடுத்தார்.

அழகுமுத்து சாவியைத் திருப்பினான். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட் ஆகலையே பாஸ்?"

"ஓடிக்கிட்டு இருக்கு."

அழகுமுத்து போனட்டில் கை வைத்துப் பார்த்தான். தூங்குகிற பிள்ளையின் நெஞ்சு மாதிரி மெல்ல அதிர்ந்தது. அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பிரேக்கும் சரியில்ல, அது இன்னொரு நாளைக்கு ஆளக் கொல்லும்" என்று ஆறுதல் சொன்னார்.

அன்று ஸ்டேண்டுக்குப் போக மனம் வரவில்லை. முதல் ஓட்டம் ராணிக்குத்தான். அவளை முன்சீட்டில் உட்கார வைத்து நுவரெலியா வரைக்கும் ஒரு சுற்று. வாழ்நாளில் ஒருமுறையாவது அவள் சும்மா உட்கார்ந்து போக வேண்டும். கோயில் வளைவைத் தாண்டும்போது அவன் காதில் மழைத் தூறலும் வைப்பர் துடைக்கிற சத்தமுந்தான் கேட்டன.

லயத்துக்கு முன்னால் காரை நிறுத்தினான். வாசலில் ஜீவராணி இல்லை. கதவு பூட்டியிருந்தது. அடுப்புப் புகை இல்லை. பின்னால் போய்ப் பார்த்தான், லீக்ஸ் பாத்தியிலும் ஆள் இல்லை. திண்டாடிப்போனான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாளோ? கொஞ்ச நாளாகவே அவளுக்கு முதுகில் ஒரு பிடிப்பு. கேட்டால் தண்ணிக் குடம் தூக்கினது என்பாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவளும் இல்லையே.

ஆஸ்பத்திரிக்கு மேல்மலை ரோட்டால்தான் போக வேண்டும். காரைத் திருப்பிக்கொண்டு ஏறினான். மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. ஏற்றத்தில் கார் கொஞ்சமும் முனகவில்லை. மேல் வளைவில் திரும்பியதும், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் படங்குச் சாக்கும் தலையில் மழைக்குக் கொங்காணியுமாகப் பெண்கள் கூடையோடு நிற்பது தெரிந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள், மேகத்துக்குள்ளிருந்து சத்தமில்லாமல் கார் வந்து நின்றதைக் கண்டதும் ஊமையாகிப் போனார்கள். பேயைக் கண்டால்கூடக் கொஞ்சம் கூச்சல் போட்டிருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி மட்டும் கூடையோடு ரோட்டோரத் தேயிலைக்குள் பாய்ந்து மறைந்தாள். அவசரமாக ஒதுங்கப் போகிறாள் போல என்று அழகுமுத்து மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சர்மிளா முன்னால் நின்றாள். கண்ணாடியை இறக்கினான்.

"சர்மிளா, எங்க வீட்டு ராணியைக் கண்டியா? வீடு பூட்டிக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

சர்மிளா கங்காணியைப் பார்த்தாள். கங்காணி தராசைப் பார்த்தார். தராசில் ஒன்றும் இல்லை.

"என்னான்னு சொல்லும்மா. அவளுக்கு என்னமாச்சும் ஆயிருச்சா?"

சர்மிளாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தன வருஷமும் ஒங்க காரு சத்தம் கேட்டுத்தானே ராணியக்கா கூடைய எங்கிட்ட குடுத்துட்டு குறுக்கால எறங்கி வீட்டுக்கு ஓடும்; இப்படிச் சத்தமில்லாம வந்து நின்னா பாவம் அது என்னண்ணே பண்ணும், அந்தா, தேயிலைக்குள்ள குந்திக்கிட்டு இருக்கு!"